அம்மாவின் பெட்டியில் ஒன்று கிடையாது

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. படையல் முடிந்து நீங்கள் எல்லாரும் பந்தியில் உட்காரும் முன் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும். வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும், அம்மாவோடு குழி வெட்டிக் கேபிள் இழுத்த அத்தைமார்களுக்கும், அவருடைய ஒரே மகளாகிய என் வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் அம்மாவைப் பற்றி எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுத எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமையை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். அம்மா கண்டுபிடித்த பெட்டி அவர் கையை விட்டுப் போகப் பார்த்த கதை உங்களுக்குத் தெரியும். அதற்குக் காரணம் காண்ட்ராக்டர் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். மீதியை இங்கே சொல்கிறேன்.

அம்மா பிறந்தது பண்டசோழநல்லூரில். நடவு, களை, கரும்பு வெட்டு என்று பிறர் நிலத்தில் உழைத்த குடும்பம். அம்மாவின் அப்பா களத்தில் நெல் அளப்பவர். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வயதில் அம்மா களத்தில் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணப் பழகியது அங்கேதான். முதல் மரக்காலைக் கொட்டும்போது யாரும் "ஒன்று" என்று சொல்வதில்லை. "லாபம்" என்று இழுத்துச் சொல்வார்கள். அடுத்தது "ரெண்டு". அம்மா கடைசிவரை அப்படித்தான் எண்ணினார். குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினாலும், மாத்திரைகளைப் பிரித்து வைத்தாலும், லாபம், ரெண்டு, மூணுதான்.

வில்லியனூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா கரும்பு வெட்டுபவர். மழை பொய்த்த ஒரு வருடம் வெட்டுக்குக் கரும்பே இல்லை. அப்போது திருக்கனூர் சாலையோரம் டெலிபோன் கேபிள் புதைக்கக் குழி வெட்டும் வேலைக்கு அம்மா போனார். குழி வெட்டும் வேலை முடிந்ததும் குடை பிடிக்கும் வேலை கிடைத்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பழைய கேபிளில் ஒவ்வொரு கம்பிக்கும் காகிதம் சுற்றியிருக்கும். ஜாயின்ட் பிரித்துக் கட்டும்போது ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அத்தனை லைனும் இரையும். அதனால் குழிக்குள் ஜாயின்டர் உட்கார்ந்து கம்பி முறுக்க, மேலே ஓர் ஆள் வெயிலிலும் தூறலிலும் குடை பிடித்து நிற்க வேண்டும். எட்டு வருடம் அம்மா அப்படி நின்றார். வேறு எங்கும் பார்க்க முடியாது. கீழே ஜாயின்டரின் கை செய்வதைத்தான் பார்க்க முடியும்.

ஜாயின்டர் வராத ஒரு நாள், ஊரில் பாதி லைன் செத்துக் கிடந்தது. காண்ட்ராக்டர் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் கட்டட்டுங்களா?" என்றார் அம்மா.

"யம்மா, இது பூ கட்டற வேலன்னு நெனச்சியா?"

"பூ கட்ட எனக்குத் தெரியாதுங்க. இது தெரியும்."

சாயங்காலம் நான்கு மணிக்கு லைன் வந்தது. அன்றிலிருந்து அம்மா ஜாயின்டர். எங்கள் சுற்றுவட்டத்தில் அந்த வேலையில் இருந்த பெண் அவர் ஒருவர்தான். சம்பளச் சீட்டில் மட்டும் கடைசிவரை "உதவியாள்" என்றே எழுதினார்கள்.

ஆனால் அந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. அறுந்த கேபிளில் நூறு கம்பிகள் இருந்தால், இந்த முனையில் உள்ள கம்பி அந்த முனையில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறமெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். எக்ஸ்சேஞ்சில் ஓர் ஆள் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு, "இது மூணாவது, இது நாலாவது" என்று சொல்ல, குழிக்குள் இருப்பவர் காதில் ரிசீவரை வைத்துக் கேட்டுப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு எண் சொல்ல யாரும் வர மாட்டார்கள். "பொம்பளைக்கு நான் எடுபிடியா?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். வருகிற ஆளும் பாதியில் டீக்கடைக்குப் போய்விடுவார்.

கரியமாணிக்கத்தில் வாய்க்கால் ஓரக் குழி ஒன்று. மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறுகிறது. அம்மா பிரித்த கம்பிகளை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரிசீவரில் "அலோ, அலோ" என்று கத்துகிறார். மறுமுனையில் ஆள் இல்லை. எழுந்து வெளியே வந்தால் ஜாயின்ட் நனைந்துபோகும். உட்கார்ந்திருந்தால் கரை சரியும். முழங்கால் அளவு தண்ணீர் வந்த பிறகு மறுமுனையில் குரல் கேட்டது.

"இன்னாக்கா, இன்னும் முடிக்கலயா?"

அம்மா எண்ணைக் கேட்டார், கட்டினார், மூடினார், வீட்டுக்கு வந்தார். ஈரப் புடவையோடு வாசலில் நின்றபடி அப்பாவிடம் சொன்னார்:

"எனக்கு அந்தப் பக்கம் ஆளே வாணாம். ஆளு இல்லாம அந்தப் பக்கத்துலேருந்து சத்தம் வரணும்."

"பேய வெச்சிப் பேசப் போறியா?" என்றார் அப்பா.

பேய் அல்ல, பெயின்ட் டப்பாவின் பிளாஸ்டிக் மூடி. அம்மா அந்த மூடியைத் தட்டு மாதிரி வெட்டி, அதில் வட்டம் வட்டமாக ஐந்து வரிசைத் துளைகள் போட்டார். எங்கள் வீட்டில் ஓடாமல் கிடந்த டேப் ரெக்கார்டரின் மோட்டார் அந்தத் தட்டைச் சுற்றும். ஐந்து குடைக் கம்பித் துண்டுகள் தட்டின் மேல் உரசிக்கொண்டு நிற்கும். துளை வரும்போது கம்பி கீழே உள்ள தகரத்தைத் தொடும், தொட்டால் "டிக்" என்று ஒரு சத்தம் லைனில் போகும். ஒவ்வொரு வரிசைக்கும் துளைகளின் எண்ணிக்கை வேறு. கேபிளில் கம்பிகள் ஐந்தைந்தாக நூலால் கட்டியிருக்கும். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு கட்டின் ஐந்து கம்பிகளையும் இந்தப் பெட்டியில் மாட்டிவிட்டு, அம்மா குழிக்கு வந்து உட்கார்ந்து, காதில் வைத்துக் கேட்பார். மூன்று டிக் வந்தால் மூன்றாவது கம்பி. ஐந்து வந்தால் ஐந்தாவது. பெட்டி டீ குடிக்கப் போகாது.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. முதல் தட்டு வளைந்தது. அடுத்த தட்டில் மோட்டார் வேகமாக ஓடி, எல்லா டிக்கும் ஒன்றாகக் கலந்து இரைந்தது. அப்பா தினமும் ஏதாவது சொல்வார். "டெலிபோனே இல்லாத வூட்டுல டெலிபோன் மிஷினு. எவனாவது கேட்டா சிரிப்பான்." ஆனால் மூன்றாவது தட்டுக்கு மூடி தேடித் திருபுவனை வரை சைக்கிளில் போனவரும் அப்பாதான்.

பெட்டியை யாருக்கும் காட்டவில்லை. டிபன் கேரியருக்குள் வைத்து எடுத்துப்போவார். எக்ஸ்சேஞ்சில் இருப்பவர்கள் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் ஒரு நாள் செய்யும் வேலையை அம்மா தனியாக மதியத்துக்குள் முடித்தார். அதுதான் காட்டிக்கொடுத்தது. காண்ட்ராக்டர் ஒரு நாள் கேரியரைத் திறந்து பார்த்துவிட்டார். தட்டை விரலால் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஒரு வாரம் குடும்மா, பாத்துட்டுத் தரன்."

பன்னிரண்டு வருடம் வேலை கொடுத்தவர் கேட்கிறார். அம்மா கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அதே கேரியரில் பெட்டி திரும்பி வந்தது.

அப்போது நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. காப்புரிமை என்றால் என்ன என்று வகுப்பில் ஓர் ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். அம்மாவின் பெட்டியைப் பற்றி நான் சொன்னதும், பெண்ணே, உன் அம்மா செய்திருப்பதற்கு விண்ணப்பம் போடலாம் என்றார். விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அந்த நாளின் கர்வம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா தரையில் உட்கார்ந்து, படம் வேண்டும் என்று நான் சொன்னதும், தட்டைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் பென்சிலை விட்டு இழுத்தார். துளைகள் அப்படியே காகிதத்தில் இறங்கின. பிறகு நான் கேட்க அவர் சொன்னார்.

"மொதக் கம்பிக்கு லாபம். அடுத்ததுக்கு ரெண்டு. அதுக்கடுத்ததுக்கு மூணு."

"லாபம்னு எல்லாம் எழுத முடியாதும்மா."

"ஏன்?"

"படிச்சவங்க பாக்கறது. சிரிப்பாங்க."

"பின்ன இன்னான்னு எழுதுவ?"

"ஒன்னுன்னுதான்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒன்னு வேற, லாபம் வேறடி," என்றார். நான் காது கொடுக்கவில்லை. பழைய வழக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டியை ஒருமுறை காதில் வைத்துக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. "முதல் கம்பிக்கு ஒரு டிக், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று" என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். "நீதான் படிச்சவ. எழுது," என்று சொல்லிவிட்டு அம்மா கையெழுத்துப் போட்டார். அவர் போடக் கற்ற ஒரே எழுத்து அதுதான். நான் கற்றுக்கொடுத்தது.

சில மாதங்களில் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டிகள் வேலைக்கு வந்தன. மேலே காண்ட்ராக்டருடைய கம்பெனியின் பெயர். உள்ளே அம்மாவின் தட்டு. பெயின்ட் டப்பா மூடிக்குப் பதில் நல்ல பிளாஸ்டிக், அவ்வளவுதான். அம்மாவுக்கு வேலை நின்றது.

விண்ணப்பம் வருடக்கணக்கில் வரிசையில் கிடந்தது. நான் படித்து முடித்து, திருக்கனூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதற்குள் அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. அந்த நிலையில்தான் தபால் வந்தது. அம்மாவுக்குக் காப்புரிமை தரக்கூடாது என்று காண்ட்ராக்டர் மனு போட்டிருந்தார். பிரித்து மனதுக்குள் படித்தேன்.

"சத்தமாப் படி," என்றார் அம்மா.

தமிழாக்கி வாசித்தேன். இந்தப் பெண் எங்களிடம் குடை பிடிக்கும் கூலியாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் பொறியாளர் வடிவமைத்த கருவியைத் திருடித் தன்னுடையது என்று விண்ணப்பித்திருக்கிறார்.

"எழுதப் படிக்கத் தெரியாதவன்னு போட்டுருக்கானா?"

"ஆமாம்மா."

"அது நெசம். திருடின்னும் போட்டுருக்கானா?"

நான் தலையாட்டினேன்.

"பொட்டி போனாப் போவட்டும். கம்பியே போயிட்டு இருக்குது, இனிமே எல்லாம் கண்ணாடி இழைன்னு நீயே சொல்ற. அந்தப் பொட்டிய வெச்சி நான் இன்னா பண்ணப் போறன். ஆனா திருடின்னு பேரோட நான் போவ மாட்டன்."

அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் பேச்சு. விசாரணை நாள் வருவதற்குள் அம்மா தாங்குவாரா என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் நாள் குறித்து வந்தது. அது டயாலிசிஸ் நாள். தள்ளி வைக்கக் கேட்கலாம் என்றேன். "இன்னும் எத்தினி வருசம் தள்ளுவ?" என்றார். டாக்டர் ஒரு நாள் தாமதிக்கலாம், அதற்கு மேல் கூடாது, தண்ணீர் குடிப்பதைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

விடிவதற்கு முன்பே வாடகைக் காரில் சென்னைக்குப் புறப்பட்டோம். அம்மா மடியில் அதே டிபன் கேரியர். கால் இரண்டும் வீங்கியிருந்ததால் செருப்பு நுழையவில்லை. எங்களுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாட வந்த வழக்கறிஞர் அம்மையார் அலுவலக வாசலிலேயே காத்திருந்தார்.

அறை சிறியது. நடுவில் விசாரணை அதிகாரி. எதிரே காண்ட்ராக்டர், அவருடைய வழக்கறிஞர், பொறியாளர். காண்ட்ராக்டர் அம்மாவைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அம்மா, "இருக்கறன்," என்றார்.

அவர்கள் வழக்கறிஞர் என் விண்ணப்பத்தை எடுத்து, நான் எழுதிய வரியை நிதானமாக வாசித்தார். முதல் கம்பிக்கு ஒரு டிக். பிறகு அம்மாவின் பெட்டியைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டி ஓடவிட்டார். முதல் கம்பியிலிருந்து டிக் வரவில்லை. "ட்ர்ர்ர்ர்" என்று ஒரு நீளமான சத்தம் வந்தது.

"ஐயா, கருவியை உண்டாக்கியதாகச் சொல்கிறவர் எழுதிக் கொடுத்ததும், அவரே கொண்டுவந்த கருவியும் ஒத்துப்போகவில்லை. தான் செய்யாத கருவி என்பதால்தான் அது எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் கருவியில் நீளச் சத்தம்தான் இருக்கிறது. எங்கள் வரைபடத்திலும் அப்படியே இருக்கிறது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லாபம். இழுத்துச் சொல்வது. முதல் வரிசையில் அம்மா ஒரே ஒரு நீளத் துளையைத்தான் வெட்டியிருந்தார்.

"இன்னாடி சொல்றாரு?" என்றார் அம்மா.

எங்கள் வழக்கறிஞர் என் பக்கம் குனிந்து, "தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அது தட்டச்சுப் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுடி. இன்னா?"

"நீ சொன்னத நான் மாத்தி எழுதிட்டன்மா. லாபத்த ஒன்னுன்னு எழுதிட்டன். அதனால நீ திருடிட்டன்னு சொல்றாங்க."

அந்த அறையில் தமிழ் தெரியாதவர் யாரும் இல்லை. எல்லாருக்கும் கேட்டது. அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீ செஞ்சத நீ சொல்லிட்ட. நான் செஞ்சத நான் சொல்றன். அவங்க பொட்டியக் குடுக்கச் சொல்லு."

சாம்பல் நிறப் பெட்டியை அம்மா மடியில் வைத்தார்கள். ஸ்பீக்கர் வேண்டாம் என்றார். தன் பழைய ரிசீவரை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கம்பியையும் கேட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு பொறியாளரைப் பார்த்து, "நீதானப்பா செஞ்ச?" என்றார்.

"ஆமாம்மா."

"மொதக் கம்பிக்கு ஏன் நீளமா வெச்ச?"

பொறியாளர் தயங்கவில்லை. "அது அடையாளம். சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும்."

நல்ல பதில். அதிகாரியே தலையசைத்தார்.

"சரிப்பா. அது அடையாளம். அப்ப கணக்கு அடுத்த கம்பியிலதான ஆரம்பிக்குது?"

"ஆமாம்."

"அடுத்த கம்பிக்கு ஒன்னுல்ல வரணும்? ஏன் ரெண்டு வருது? உன் பொட்டியில ஒன்னு எங்க?"

பொறியாளர் பெட்டியைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். நீளம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அவர் பெட்டியில் ஒன்று இல்லை. ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. காண்ட்ராக்டரைத் திரும்பிப் பார்த்தார். காண்ட்ராக்டருக்கு நிலம் இருக்கிறது, களம் இருக்கிறது. அவருக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி அம்மாவைக் கேட்டார்.

"எங்க அப்பா நெல்லு அளக்கறவருங்க. மொத மரக்காலுக்கு ஒன்னுன்னு சொல்ல மாட்டாரு. லாபம்னு இழுப்பாரு. அதுக்கப்பறம் ரெண்டு. எனக்கு அப்படித்தான் எண்ணத் தெரியும். அதான் அப்படி வெட்னன். இவங்க என் தட்டப் பாத்து வெட்னாங்க. எண்ணிப் பாக்கல."

அதிகாரி விண்ணப்பத்தின் கடைசித் தாளைப் புரட்டினார். அம்மா துளைக்குள் பென்சிலை விட்டு இழுத்த படம். முதல் வரிசையில் நீளமாக ஒரு கோடு. அடுத்ததில் இரண்டு. நான் எழுதிய அழகான ஆங்கிலத்துக்கு அடியில் பல வருடமாக அது அப்படியே இருந்திருக்கிறது. நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

"இது யார் போட்ட படம்?"

"நான்தாங்க. எழுதறதுதான் தெரியாது."

உத்தரவைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் திண்டிவனம் தாண்டியதும் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. உதடு நீலம் பாய்ந்தது. காரின் ஜன்னலைத் திறந்து, அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா கையை அசைத்து வேண்டாம் என்றார். "அழுதா எனக்கு மூச்சு வாங்குது. சும்மா வா," என்றார். நேராக மருத்துவமனைக்குப் போனோம். இயந்திரத்தில் படுக்க வைத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் வெளியே வந்து, இனி பயமில்லை என்றார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. எதிர்ப்பு மனு தள்ளுபடி. படத்தில் உள்ளபடி விளக்கத்தைத் திருத்திக்கொள்ள அனுமதி. கருவியைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். நான் முழுவதையும் வாசித்தேன். "திருடின்னு எங்கனா இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப மடிச்சி வையி," என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த கதை. செய்தித்தாளில் படத்தோடு போட்டார்கள். மகளின் படிப்பு தாயின் கண்டுபிடிப்பைக் காப்பாற்றியது என்று தலைப்பு. ஊரில் எனக்குச் சால்வை போட்டீர்கள். நான் மறுப்பு எழுதி அனுப்பப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். அந்த வாரம்தான் தெருக்கோடி வீட்டு அண்ணன் அந்தச் செய்தித்தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டாவது முடித்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர்.

"இத்தப் பாத்தன்க்கா. மாப்பிள்ளை வூட்டுக்கு வாணாம்னு சொல்லியனுப்பிட்டன். அதுவும் படிக்கட்டும்."

அவர் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஒன்னும் எழுதி அனுப்பாத."

"பொய்யா இருக்குதேம்மா."

"இருக்கட்டும். படிச்சவ தப்பாத்தான் எழுதுனான்னு தெரிஞ்சா, நாளைக்கே அந்தப் பொண்ண மணையில உக்கார வெச்சிடுவாரு. அது படிச்சி முடிக்கற வரைக்கும் வாய மூடிக்கினு இரு."

என் தவறை மறைப்பதற்காக அம்மா அப்படிச் சொல்லவில்லை. தனக்கு வரவேண்டிய பேரைத் தெருக்கோடி வீட்டுப் பெண்ணுக்காக மூன்று வருடம் விட்டுக்கொடுத்தார். அந்தக் கெடு முடியும் முன்பே அவர் போய்விட்டார். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்திருந்தது. வலி இல்லாமல், நானும் அப்பாவும் பக்கத்தில் இருக்க, ஒரு மதிய நேரத்தில் அமைதியாக உயிர் பிரிந்தது.

அம்மாவுக்காக ஊதியம் வாங்காமல் நின்ற வழக்கறிஞர் அம்மையாருக்கும், விண்ணப்பம் போடச் சொன்ன ஆசிரியைக்கும், நான்கு வருடம் வாரம் இரண்டு முறை அம்மாவின் கையில் நரம்பு தேடிய செவிலியர் சகோதரிகளுக்கும், முகம் சுளிக்காமல் காத்திருந்த கார் ஓட்டுநர் தம்பிக்கும், இறுதி நாளில் மழையிலும் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கேலி பேசிக்கொண்டே எல்லாவற்றையும் செய்து கொடுத்த என் அப்பாவுக்கு நான் தனியாக நன்றி சொன்னால் அதற்கும் கேலி செய்வார். ஆனாலும் சொல்கிறேன்.

தெருக்கோடி வீட்டுப் பெண் சென்ற மாதம் கடைசித் தேர்வை எழுதி முடித்தாள். இதை எழுதலாமா என்று அவளையும் அவள் அப்பாவையும் கேட்கப் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அண்ணன் மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எழுதும்மா. அக்கா பேரு அக்காவுக்கே போவட்டும். என் பொண்ணு படிச்சத இனிமே யாரு வந்து திருப்பி வாங்க முடியும்?"

இப்படிக்கு,
மகள்